ஏலகிரி விடுதியின் உப்பு நீர் நீச்சல் குளம்: மூன்று நாள் குளித்துப் பார்த்ததில்

எங்கள் வேலூரில் "உப்புத் தண்ணீர்" என்ற சொல்லுக்கு நல்ல பொருள் கிடையாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வியே போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்பதுதான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து இறங்கிய உப்பு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்பது, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் அறை வாடகை கொடுத்து, உப்புத் தண்ணீரில் குளிப்பதற்கென்றே மலையேறுகிறோம் என்று சொன்னபோது அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கே சிரிப்பு வந்தது.

அது கத்திரி வெயில் காலம். வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுகிறவர்கள் மே மாதத்து நண்பகலில் ஒரு முறை கோட்டை அகழிக் கரையோரம் நடந்து பார்த்தால், அது கேலியில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்திருந்தது. மனைவிக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. சென்னையிலிருந்து மைத்துனர் தம் மனைவி, மகனோடு வந்து சேர்ந்துகொண்டார். என் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து எட்டுப் பேர். காட்பாடியிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர் கடந்து, வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பொன்னேரி போய், அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் ஏலகிரி. வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். என் மகன் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்துக்கொண்டே வந்து, பத்தாவது வளைவில் வாந்தி எடுத்தான். 2019-இல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் அந்த மலை போய்விட்டாலும், பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களான எங்களுக்கு அது இன்னும் எங்கள் மலைதான்.

விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. சில குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், இப்போது மலை விடுதிகளும் கடற்கரைச் சாலை விடுதிகளும் "உப்பு நீர்க் குளம்" என்று விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டன. ஆகவே அறையின் மெத்தையையும் போர்வையையும் பற்றி எழுதுவதைவிட, அந்தக் குளம் என்பது உண்மையில் என்ன, அதில் குடும்பத்தோடு மூன்று நாள் கிடந்தால் எப்படி இருக்கும் என்று எழுதுவதுதான் முன்பதிவு செய்ய நினைப்பவருக்குப் பயன்படும்.

குளத்தின் நுழைவாயிலில் நீல நிறத்தில் ஒரு பலகை: "இயற்கை உப்பு நீர்க் குளம். குளோரின் இல்லை. கண் எரிச்சல் இல்லை." இதில் மூன்றாவது வாசகம் பெரும்பாலும் உண்மை. இரண்டாவது வாசகம் பொய். முதல் வாசகத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறவன் நான்; உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் என்ன கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதாத ஆண்டு இல்லை. நேர்மின் முனையில் குளோரின் கிடைக்கும். எதிர்மின் முனையில் ஹைட்ரஜன் கிளம்பும். கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேரும். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். உப்பு நீர்க் குளத்தின் தந்திரம் முழுவதும் இவ்வளவுதான். வடிகட்டியிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில் ஒரு சிறிய பெட்டி. அதற்குள் ருத்தேனியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள். உப்புக் கலந்த தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது, குறைந்த அழுத்த நேர்மின்சாரம் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. பிரிந்த குளோரின் அங்கேயே தண்ணீரில் கரைந்து, மற்றக் குளங்களில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் எது கிருமியைக் கொல்லுமோ அதே பொருளாக மாறுகிறது. தன் வேலையை முடித்த பிறகு மறுபடியும் குளோரைடாகி உப்போடு சேர்ந்துகொள்கிறது. அதாவது இது குளோரின் இல்லாத குளமன்று. தனக்கு வேண்டிய குளோரினைத் தானே காய்ச்சிக்கொள்ளும் குளம்.

ஆகையால் குளோரின் ஒவ்வாமை உள்ளவர்கள் பலகையை நம்பி இறங்க வேண்டாம். இந்த ஒரு வரிக்காகவே இந்த மதிப்புரையை எழுதத் தொடங்கினேன்.

இனி, பாராட்ட வேண்டியது. முதல் நாள் மாலை நான்கரை மணிக்கு இறங்கினோம். குளம் 40 அடி நீளம், 20 அடி அகலம். ஒரு முனையில் மூன்றடி ஆழம், மறுமுனையில் ஐந்தடி. முதலில் உணர்ந்தது, குளக்கரையில் வழக்கமாக மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இல்லை என்பதுதான். தலையை முக்கி எழுந்தால் உதட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு ஒரு மெல்லிய சுவை. கஞ்சியில் அம்மா உப்புப் போட்டிருக்கிறாளா என்று இரண்டாவது வாய் குடித்துப் பார்ப்போமே, அந்த அளவு. தண்ணீர் உடம்பில் வழுவழுப்பாகப் படுகிறது. நம் ஊர் கடினநீரில் குளித்துவிட்டுத் துவட்டினால் தோல் வறண்டு, முதுகு இழுத்துப் பிடித்தாற்போல் இருக்குமே, அது இங்கே இல்லை. கோடைக்குக் கோடை முழங்கை மடிப்பில் அரிப்பெடுத்துச் சொறிந்துகொள்ளும் என் மகன், ஒன்றரை மணி நேரம் ஊறிய பிறகும் சொறியாமல் வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஒரு பிள்ளையின் ஒரு மாலை எதற்கும் சான்றாகாது என்பது தெரியும். ஆனாலும் அவன் தாயின் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை எழுதாமல் விட முடியவில்லை.

கண் எரிச்சல் இல்லாததற்குக் காரணம் சொல்ல முடியும். கண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு இருக்கிறது. கடலில் 35 கிராம். இந்த வகைக் குளங்களில் மூன்று முதல் நான்கு கிராம் வரை வைத்திருப்பார்கள். நாங்கள் குளித்த குளத்தின் கருவித் திரை 3,400 மில்லிகிராம் காட்டியது. உப்பே இல்லாத தண்ணீரைவிட இது கண்ணீருக்குச் சற்று நெருக்கம் என்பதால் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. நீச்சல் குளத்தில் மூக்கில் ஏறுகிற வாடையும் கண்ணைச் சிவக்க வைக்கிற எரிச்சலும் பெரும்பாலும் குளோரினால் வருபவையல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களால் வருபவை. "நல்லா குளோரின் வாசனை அடிக்குது, சுத்தமான குளம்" என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நன்றாக வாடை அடித்தால், குளோரின் தீர்ந்து அழுக்கு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். மகளை முன்பொரு கோடையில் நகரத்தில் நீச்சல் பயிற்சிக்கு அனுப்பினோம். ஒரு வாளி பவுடரைக் காலையில் கொட்டிவிட்டு மறுநாள் வரை திரும்பிப் பார்க்காத குளம் அது. இரண்டு வாரத்தில் அவள் கண்கள் மிளகாய் அரைத்த கையால் தேய்த்தவை போலாயின. பெட்டிக்குள் சிறிது சிறிதாக, ஓயாமல் குளோரின் சுரந்துகொண்டிருக்கும் குளத்தில் இந்த ஏற்ற இறக்கம் குறைகிறது. உப்பு நீர்க் குளத்தின் உண்மையான சிறப்பு உப்பில் இல்லை, இந்தச் சீரில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு நான் மட்டும் எழுந்து போனேன். மலைக் குளிரில் தண்ணீர் முதல் இரண்டு நிமிடம் எலும்பைத் தொட்டது. நான் நீச்சல் கற்றது அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில், சித்தப்பாவின் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிட்டார். அந்தத் தண்ணீருக்கு ஒரு கனம் உண்டு, பாசி வாசம் உண்டு, கால் படாத ஆழத்தின் அச்சம் உண்டு. விடுதிக் குளத்தில் இவை எதுவும் இல்லை; ஆனால் அரை மணி நேரம் கண்ணைத் திறந்துகொண்டே நீருக்கடியில் நீந்த முடிந்தது, கிணற்றிலோ பாண்டிச்சேரிக் கடலிலோ என்னால் அது முடிந்ததில்லை. கடலில் குளித்தால் பிசுபிசுப்பு போக இரண்டு வாளி நல்ல தண்ணீர் வேண்டும். இங்கே ஒரு நிமிட ஷவர் போதுமானதாக இருந்தது. உப்பு நீர் உடலைத் தூக்கி மிதக்க வைக்கும் என்று மைத்துனர் நம்பிக்கொண்டு வந்திருந்தார். லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பு யாரையும் தூக்காது. அவர் ஐந்தடிப் பகுதியில் மல்லாந்து படுத்து, முறைப்படி மூழ்கி, இருமிக்கொண்டு எழுந்தார்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அந்த நேரத்தில்தான் தண்ணீரைச் சோதிக்க வந்தார். ஜோலார்பேட்டைக்காரர். சிறிய கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மொண்டு, ஒரு பக்கம் குளோரினுக்கான சொட்டுகளையும் மறுபக்கம் பி.எச். எனப்படும் கார அமில நிலைக்கான சொட்டுகளையும் விட்டார்; ஒன்று இளமஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு. நிறங்களை அட்டையோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதினார். குளோரின் 1.5, பி.எச். 7.6. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை, பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்ல குளத்துக்கு அடையாளம். நோட்டில் முந்தைய மாதப் பக்கங்களைப் புரட்ட அனுமதித்தார்; காலை, மாலை இரண்டு வேளையும் எழுதப்பட்டிருந்தன, எண்களும் நாளுக்கு நாள் மாறியிருந்தன. ஒரே எண்ணை முப்பது நாளும் எழுதியிருந்தால் நான் மூட்டையைக் கட்டியிருப்பேன். செய்முறைத் தேர்வு நோட்டுகளைத் திருத்திப் பழகியவனுக்கு அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும்.

நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் மோட்டார் அறைக்கே அழைத்துச் சென்று காட்டினார். உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். முதன்முதலில் குளத்தை நிரப்பியபோது 50 கிலோ மூட்டை ஆறு கொட்டியதாகச் சொன்னார். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 90,000 லிட்டர், லிட்டருக்கு 3.4 கிராம் என்றால் 300 கிலோவுக்குச் சற்று மேல், கணக்கு ஏறத்தாழச் சரி. இதே குளத்தைக் கடல் நீரால் நிரப்பினால் அதில் மூன்று டன் உப்பு இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. பிள்ளைகள் வாரி இறைக்கும்போதும், ஃபில்டரைத் திருப்பி ஓடவிட்டுக் கழுவும்போதும், மழை பெய்து வழியும்போதும்தான் குறைகிறது. அயோடின் கலந்த தூள் உப்பு கூடாது. தூத்துக்குடியிலிருந்து வரும் சுத்தமான உப்பைத்தான் வாங்குகிறார்களாம்.

அந்தப் பெட்டியின் தகடுகளில் சுண்ணாம்பு படிகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோது எனக்கு வீட்டு நினைவு வந்தது. எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரின் சுருளில் படியும் அதே வெள்ளைப் படிவுதான்; நிலத்தடி நீரின் கடினத்தன்மை மலை மேலும் விடவில்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை பெட்டியைக் கழற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். குளத்துத் தண்ணீரிலும் அதே அமிலத்தை அவ்வப்போது அளவாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த முறையில் ஓடும் குளத்தின் பி.எச். மெல்ல ஏறிக்கொண்டே போகும், ஏறினால் குளோரினின் வீரியம் குறையும். "சார், உப்பு போட்டுட்டா வேலையே இல்லைன்னு ஓனர் நெனைக்கிறாரு. வேலை குறையலை, வேற வேலையாயிடுச்சு, அவ்ளோதான்" என்றார் இளைஞர். பலகையை எழுதியவருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று பிற்பகலில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பதினொரு மணிக்குப் போன மின்சாரம் மூன்றரை மணி வரை வரவில்லை. விடுதியில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அது அறைகளின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சமையலறைக்கும் மட்டுமே, குளத்தின் மோட்டாருக்கு இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் பெட்டி வேலை செய்யாது. பெட்டி வேலை செய்யாவிட்டால் குளோரின் சுரக்காது. மேலே கொளுத்தும் வெயிலோ இருக்கிற குளோரினையும் தின்றுகொண்டிருக்கும். வெயிலில் குளோரின் சீக்கிரம் சிதையாமல் காக்கும் "நிலைநிறுத்தி" என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தாலும் இழப்பு இழப்புதான். அதே நான்கரை மணி நேரத்தில், பெங்களூரிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஒரு கூட்டத்தையும் சேர்த்து, நாற்பது பேருக்குக் குறையாமல் குளத்தில் இறங்கியிருந்தார்கள். நான்கு மணிக்கு இளைஞர் சோதித்தபோது மஞ்சள் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. தண்ணீரும் காலையில் இருந்த தெளிவை இழந்து, அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் போல லேசாக மங்கியிருந்தது. அவர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேறச் சொன்னார். பிறகு அறையிலிருந்து ஒரு நீல கேனைக் கொண்டுவந்து, திரவக் குளோரினை அளந்து, குளத்தைச் சுற்றி ஊற்றத் தொடங்கினார்.

பிடித்துக்கொண்டது சண்டை. "உப்புக் குளம்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க, இப்ப மருந்து ஊத்துறீங்களே" என்று ஒருவர் அவரை ஒருமையில் ஏசினார். கைப்பேசியில் படம் பிடித்தார் இன்னொருவர். குளோரின் இல்லை என்று பலகை சொல்கிறது. பலகைக்குக் கீழே நின்று ஒருவர் குளோரின் ஊற்றுகிறார். விருந்தினர் கோபத்தில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த நாளில் அந்த விடுதியில் சரியான வேலையைச் செய்தவர் அவர் ஒருவர்தான். மேலாளர் வந்து சமாதானம் சொன்னாரே தவிர, பலகை தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இடையில் புகுந்து, மின்னாற்பகுப்பை இடுப்பில் ஈரத் துண்டோடு நின்று விளக்க முயன்றேன். என் மகள் "அப்பா, போதும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றுவிட்டாள். ஆறரை மணிக்கு மறுபடி சோதித்து, அளவு தணிந்து சரியான இடத்துக்கு வந்த பிறகே குளத்தைத் திறந்தார்கள். அன்றிரவு குளித்த பிள்ளைகள் யாருக்கும் கண்ணும் சிவக்கவில்லை, வயிறும் கெடவில்லை.

குளத்துக்கான விதிமுறைகள் கடுமையானவை. அவை எனக்கு உடன்பாடே. இறங்குமுன் ஷவரில் குளிக்க வேண்டும். பருத்தி ஆடைக்கு அனுமதி இல்லை, நூலிழைகள் ஃபில்டரை அடைக்கும். தலையில் எண்ணெய் கூடாது. பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை 150 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. என் மனைவியும் மைத்துனர் மனைவியும் அதை அணிந்துதான் இறங்கினார்கள். உடை நல்ல நிலையில் இருந்தது, துவைத்து உலர்த்திய மணம் இருந்தது. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் ஒன்று சரியாக விழவில்லை. நண்பகலில் குளத்தைச் சுற்றியுள்ள கருங்கல் தளம் தோசைக்கல்லாகக் காய்கிறது; செருப்போடு வரக் கூடாது என்கிறார்கள், கால் வைக்கவோ முடியவில்லை. தேங்காய்நார் விரிப்பு ஒன்று போட்டால் தீர்ந்துபோகும் காரியம். உயிர்காக்கும் பயிற்சி பெற்ற காவலர் என்று தனியாக எவரும் இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் அதே இளைஞர்தான் ஆளையும் பார்த்துக்கொள்கிறார். அவர் மோட்டார் அறைக்குள் போனால் குளம் அநாதை. நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பெற்றோர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார இது இடமன்று.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி. தண்ணீரில் நடந்தால் முட்டிக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அவரை இறக்கிவிடுவதே என் உள்நோக்கம். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைக்காமல் இருக்க முடியாது என்று முதலில் மறுத்து, பேரன் "ஆயா, ஒரு நாளு எண்ணெய் வெக்காத ஆயா" என்று கெஞ்சியதால் இறங்கிவந்தார். உடைக்கும் ஒப்புக்கொண்டார். குளத்தருகே வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மூன்றடிப் பக்கம் படிகள் இருக்கின்றன. ஆனால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் சிமென்டால் அடைத்த இரண்டு குழிகள்தான் இருந்தன. விசாரித்ததில், ஸ்டீல் கைப்பிடி துருவேறிப் புள்ளி புள்ளியாக அரித்து ஆட்டம் கொடுத்ததால் கழற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. உப்பு நீர்க் குளம் கட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. சமையலறைப் பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரக ஸ்டீல், குளோரைடு மிகுந்த தண்ணீரில் நாள்பட நிற்பதில்லை. மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும், அதுவும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவப்பட வேண்டும். விலை வித்தியாசத்தில் மிச்சம் பிடித்தவர்களின் சேமிப்பு, ஒரு மூதாட்டியைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டது.

அம்மா வருந்தியதாகத் தெரியவில்லை. விளிம்பில் உட்கார்ந்து முழங்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னாடா இது, நம்ம வூட்டு போர் தண்ணி கணக்கா இருக்குது. இதுக்கா இவ்ளோ துட்டு?" என்றார். நாங்கள் சிரித்தோம், ஆனால் பிறகு யோசித்தால் அவர் நாக்கு பெரிதாகத் தவறவில்லை. மாற்று வழி இல்லாத இடத்தில் குடிநீரிலேயே கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2 கிராம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. குளத்தில் இருப்பது மூன்றரை கிராம். பாலாற்றுப் படுகையில் கைவிடப்பட்ட கிணறுகளை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் மிகச் சிறியது. ஒன்றே வேறுபாடு: குளத்தில் உப்பை வேண்டுமென்று அளந்து போட்டார்கள், நம் கிணறுகளில் யாரும் அளக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை இட்லி நன்று, இரவுச் சப்பாத்தி சுமார், பிரியாணிக்கு ஆம்பூரில் நின்று வந்தவர்கள் இங்கே கேட்காமலிருப்பது நல்லது. குளத்திலிருந்து ஏறியதும் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும் ஐந்தரை மணிக்குச் சமையலறையில் டீயைத் தவிர எதுவும் கிடைப்பதில்லை. அத்தனாவூர்ச் சாலையோரத்தில் விற்ற பலாச்சுளைகள்தான் எங்களைக் காப்பாற்றின.

போக நினைப்பவர்கள் முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போதே, மின்வெட்டு நேரத்தில் குளத்து மோட்டார் ஜெனரேட்டரில் ஓடுமா, தண்ணீர் நாளுக்கு எத்தனை முறை சோதிக்கப்படுகிறது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் உப்பு நீரானாலும் பன்னீரானாலும் இறங்காதீர்கள். வார நாட்களில் போனால் கூட்டம் பாதிதான். காலை ஏழு முதல் ஒன்பது வரை குளம் மிகச் சிறப்பாக இருக்கிறது: தண்ணீர் தெளிந்து, அடித் தளத்து டைல்ஸின் கோடுகள் கூர்மையாகத் தெரியும். எண்ணெய் தேய்க்காத வெறுந்தலையோடு போய், ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசினால் முடி வறளாது. என் மகள் மூன்றாம் நாள் சோம்பல்பட்டு அலசாமல் விட்டதில் சீப்பு இறங்கவில்லை. தங்க நகைகளையும் வெள்ளிக் கொலுசையும் அறையிலேயே வைத்துவிடுவது நல்லது, வெள்ளி கறுத்துவிடும்.

கிளம்பும் நாளில் வரவேற்பறையில் கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். குளத்துத் தண்ணீருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு ஐந்துக்கு ஐந்து. பலகைக்கு மதிப்பெண் போடவில்லை, "குளோரின் இல்லை" என்பதை நீக்கிவிட்டு "குளோரின் இங்கேயே உப்பிலிருந்து தயாராகிறது" என்று எழுதுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, அப்படி எழுதினால் யார் சார் வருவாங்க என்றார். கைப்பிடியைக் கேட்டதற்கு, தீபாவளிக்குள் போட்டுவிடுவோம் என்றார். எந்த ரகத்து ஸ்டீல் என்று நான் கேட்பதற்குள் மைத்துனர் காரின் ஹாரனை அடிக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் காலாண்டு விடுமுறைக்கே மறுபடி போக நாள் குறித்துவிட்டார்கள். அம்மாவை மட்டும், கைப்பிடி வந்துவிட்டதா என்று அந்த இளைஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அழைத்துச் செல்வேன்.